மூணு மா நிலம்: நீடாமங்கலத்துக்குத் தெற்கே பன்னிரண்டு நாட்கள்

நாள் 1

கோலாலம்பூரில் ஏறி நாலு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிட்டேன். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டேன். 1950இல் என் பாட்டி இதே வழியை எதிர்த்திசையில் கடந்தபோது, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, நாள்கணக்கில் கடலில் கிடந்து, பினாங்கில் இறங்கினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தே, பாட்டியின் காலம் போனது. சாயங்காலம் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். மா, குழி, மடை, நாத்து முடி, அண்டை என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும். 'பாட்டி, மடைன்னா என்ன?' என்று கேட்டால் சுற்றுமுற்றும் பார்ப்பார். கையை நீட்டிக் காட்ட அங்கே ஒன்றும் இருக்காது, ரப்பர் மரங்கள்தான் வரிசையாக நிற்கும். 'போ, சொன்னா ஒனக்குப் புரியாது' என்பார். அடிக்கடி அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. 'மூணு மா நெலம் சொந்தமா இருந்திருந்தா எங்கப்பா என்னெ கப்பலேத்தியிருக்க மாட்டாரு.'

அந்த மூணு மா எவ்வளவு பெரியது என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஈப்போவில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரம் விடுப்பு சேர்ந்தது. மன்னார்குடிப் பக்கம் இயற்கை விவசாயம் செய்யும் ஒரு குடும்பத்தைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். சம்பளம் கிடையாது. காலையில் ஐந்து மணி நேரம், மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அவர்கள் சோறும் படுக்கையும் தருவார்கள். இப்படிப் பண்ணை வேலைக்குப் போவது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம்தான். 1971இல் இங்கிலாந்தில் சூ கோப்பார்ட் என்ற பெண் ஆரம்பித்த வூஃப் என்ற ஏற்பாடு இன்று பல நாடுகளில் நடக்கிறது. லண்டன்காரர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் வேலை செய்யட்டும் என்றுதான் அவர் தொடங்கினார். என் தோழி ஒருத்தி நியூசிலாந்துக்குப் போய் ஆப்பிள் பறித்துவிட்டு வந்தாள். எனக்கு வேறு எங்கும் போகத் தோன்றவில்லை.

தஞ்சாவூரில் பஸ் மாறி நீடாமங்கலத்தில் இறங்கினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. கேட்டுக்கு அந்தப் பக்கம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பண்ணைக்கார ஐயா காத்திருந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். பையை முன்னால் வைத்துக்கொண்டு, 'வாம்மா, பயணமெல்லாம் சௌரியமா?' என்று கேட்டார். சௌரியம் என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருடம்!

நிலம் எவ்வளவு என்று வழியில் கேட்டேன். 'ஒரு வேலி' என்றார். வேலி போட்ட நிலம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வேலி என்பது ஓர் அளவு. இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நூறு குழி ஒரு மா. ஒரு குழி என்பது பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. வண்டியிலேயே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டார்.

நாள் 2

ஐந்தரை மணிக்குக் கொட்டிலில் சாணி அள்ளுவதோடு நாள் தொடங்கியது. ஐயாவிடம் இரண்டு பசுவும் ஒரு கன்றும் இருக்கின்றன. எல்லாம் உம்பளச்சேரி மாடு. வேதாரண்யம் பக்கம் உள்ள உம்பளச்சேரி என்ற ஊரின் பெயர்தான் இனத்துக்கும். உயரம் குறைவு, கால் குட்டை, குளம்பு உறுதி. முழங்கால் சேற்றில் ஏர் இழுப்பதற்கென்றே இந்த மண்ணில் உருவான மாடு. பால் அதிகம் கறக்காது. அதனால்தான் குறைந்துபோயிற்று என்று அம்மா வருத்தப்பட்டார் (ஐயாவின் மனைவியை நானும் அம்மா என்றே கூப்பிடுகிறேன்). கன்று செம்பழுப்பாக இருந்தது, தாய் சாம்பல் நிறம். இந்த இனத்தில் எல்லாக் கன்றும் சிவப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பலாக மாறுமாம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. என் கையை நக்கிக்கொண்டே இருந்தது, நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.

அப்புறம் ஜீவாமிர்தம். 200 லிட்டர் பீப்பாயில் பத்துக் கிலோ சாணி, பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, வரப்பில் இருந்து ஒரு கைப்பிடி மண். தண்ணீர் ஊற்றிக் கழியால் கலக்கி, சாக்குப் போட்டு மூடி நிழலில் வைத்தோம். இரண்டு நாள் கழித்து, மடையில் தண்ணீர் உள்ளே போகும்போது கூடவே விட வேண்டும். கைப்பிடி மண் எதற்கு என்று கேட்டேன். 'தயிருக்கு உறை ஊத்துறோம்ல, அது மாதிரி' என்றார் ஐயா. இந்த வயலுக்குப் பழகிய நுண்ணுயிர்கள் அந்த மண்ணில் இருக்கின்றன, வெல்லத்தையும் மாவையும் தின்று பீப்பாய் முழுக்கப் பெருகும். மருந்து கலக்குகிற தொழிலில் இருக்கும் எனக்கு இந்த விளக்கம் உடனே பிடிபட்டது.

நடைச் சுவரில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரின் படம் மாட்டியிருக்கிறார்கள். 2013 டிசம்பர் 30ஆம் தேதி, மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் உயிர் பிரிந்தது. செய்தி வந்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்றார் அம்மா.

நாள் 3

இன்று நாற்று பறிப்பு. மாப்பிள்ளைச் சம்பா, முப்பது நாள் நாற்று. ஆவணி தொடக்கத்தில் விதைத்தது.

விதை வந்த கதையைச் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஐயா இரண்டு கிலோ வாங்கிவந்தார். இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் விலை. தந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். இப்படியே நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பிவிட்டு, 2018 டிசம்பரில் அவர் காலமானார். காட்டுயாணம், கருப்புக் கவுனி, பூங்கார், குழியடிச்சான், தூயமல்லி, தங்கச் சம்பா என்று ஐயா அடுக்கியபோது, பூங்கார் என்ற பெயரில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா என்னைப் பெற்ற பிறகு, 'பூங்கார் அரிசி இருந்தா கஞ்சி வச்சுக் குடுப்பேன்' என்று பாட்டி புலம்பிக்கொண்டே இருந்தாராம். அம்மா அது ஏதோ கீரை என்று நினைத்திருக்கிறார்.

நாற்றங்காலில் ஏழு பெண்கள் குனிந்து நின்றார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மேலே வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. 'மலேசியாப் பொண்ணு வருது, எடம் விடுங்கடி' என்று ஒரு அக்கா எனக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொடுத்தார்.

பறிப்பது சுலபம் என்று நினைத்து ஒரு கொத்தைப் பிடித்து மேலே இழுத்தேன். பாதி நாற்று வேரறுந்து வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக் காட்டினார். நாலைந்து நாற்றைத் தூரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மேலே இழுக்கக் கூடாது, நம் பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். சேறே அதை விட்டுவிடும். இரண்டு கையும் நிறைந்ததும், வேரைத் தண்ணீரில் அலசி, மண் போக இரண்டு தட்டு. அப்புறம் ஊற வைத்த வாழை நாரால் ஒரு சுற்று, ஒரு முறுக்கு, ஒரு செருகு. முடிச்சே போடுவதில்லை. நடுகிறவள் இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், அதுவரை தூக்கி எறிந்தாலும் பிரியக் கூடாது.

இதுதான் நாற்று முடி. பாட்டி லயத்து வாசலில் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, பெருவிரலைச் சுழற்றிக் காட்டுவார். அந்தச் சைகையின் அர்த்தம் முப்பது வருடம் கழித்து இன்று என் கைக்குத் தெரிந்தது. அக்காவின் கை சுழன்றபோது அப்படியே பாட்டியின் கை.

பதினொரு மணிக்கு வரப்பில் உட்கார்ந்து பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். தூக்குவாளி மூடியில் எனக்கும் ஊற்றிக்கொடுத்தார்கள்.

நாள் 4

மூணு மாவில் நடவு.

வயலுக்கே அதுதான் பெயர். 'நாளைக்கு மூணு மாவுல நடவு' என்று நேற்று இரவு ஐயா சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டியின் வாக்கியத்தை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 'ஒங்க பாட்டியோட அப்பா பண்ணையாளா இருந்திருப்பாரு' என்றார். ஆமாம், பண்ணையாள்தான். பரம்பரை பரம்பரையாக ஒரே மிராசுதார் வீட்டு நிலத்தில் வேலை, கூலி நெல்லாக. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். பாட்டி போய் இரண்டு வருடம் கழித்து.

காலை ஏழு மணிக்கு வந்து நின்றேன். பரம்பு அடித்து மட்டம் பண்ணிய சேறு, மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர், அதில் வானம். ஐயா ஈசானிய மூலையில் சூடம் கொளுத்தி முதல் முடியை அவிழ்த்து, வயதில் மூத்த ஆயாவிடம் கொடுத்தார். அவர் முதல் நாற்றை ஊன்றினார். பதினான்கு பெண்களும் குலவை விட்டார்கள். எதிர்வயலில் நின்ற கொக்குகள் எழும்பின.

கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசை உருவானது, யாரும் யாரையும் வரிசைப்படுத்தவில்லை. இடது முன்கையில் முடி சாய்ந்து கிடக்கும். இடது பெருவிரல் இரண்டு மூன்று நாற்றைத் தள்ளிவிட, வலது கை அதை வாங்கும். பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து வேரை மூடியபடி சேற்றில் இறங்கும். விரலை எடுக்கும்போது பக்கவாட்டுச் சேறு தானாகக் குழியை மூட வேண்டும். ஆழம் போனால் தூர் வெடிக்காது, மேலாக வைத்தால் தண்ணீரில் மிதந்துவிடும். ஒவ்வொரு நாற்றுக்கும் இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடக்கிறது. நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். முதுகு நிமிர்வதே இல்லை. பேச்சும் நிற்பதில்லை. மகள் கல்யாணம், ரேஷன் கடை, நூறு நாள் வேலை, யார் வீட்டு மாடு சினை என்று எல்லாம் குனிந்தபடியே.

ஒரு மணி நேரத்தில் என் இடுப்பு கழன்றுவிடும் போல ஆனது. தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தது. வரிசையில் எனக்கு இரண்டு முழ அகலம்தான் கொடுத்தார்கள், அதையும் பக்கத்து அக்கா தன் வேலையோடு சேர்த்து இடையிடையே சரிசெய்துகொண்டே வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வயதில் நடவுக்கு வந்தவர். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்.

பத்து மணிக்கு டீயும் வடையும் வந்தது. இரண்டு மணிக்கு முன்பே வயல் முடிந்துவிட்டது. கடைசி நாற்றை ஊன்றிவிட்டு எல்லோரும் வாய்க்காலில் இறங்கிக் கைகால் கழுவினார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து அந்த வயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வானம் கிடந்த இடத்தில் இப்போது மெல்லிய பச்சைக் கோடுகள். பதினான்கு பெண்கள் ஒரு நாளில் நட்டு முடிக்கிற அளவு. ஒரு ஏக்கர். அந்தப் பக்கத்து வரப்பில் நின்று ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

இது இல்லாமல் போனதற்காகவா?

அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. விரல் நுனியெல்லாம் எரிகிறது.

நாள் 5

கூலி பற்றி எழுதாமல் இந்த நாட்குறிப்பைத் தொடர எனக்கு மனம் இல்லை.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடவுக்கு வரும் பெண்ணின் கூலி, வரப்பு வெட்டும் ஆணுக்குக் கொடுப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வேலை நேரம் ஒன்றுதான். நேற்று நான் பார்த்த வேலை, கையில் பல வருடம் பழகி வரும் தொழில். அதை 'பொம்பளை வேலை' என்று குறைத்து வைத்திருப்பதை எந்தக் கணக்கிலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஐயாவிடமே கேட்டேன். கோபப்படவில்லை. ஊரில் மற்றவர்கள் தருவதைவிடக் கூடத்தான் தருகிறார், மதியச் சோறும் போடுகிறார். 'சரிசமமாக் குடுக்கணும்மா. நியாயம் அதுதான். நெல்லு வெல அதைத் தாங்கல' என்றார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனாலும் பள்ளம் எப்போதும் அந்தப் பெண்களின் பக்கமே விழுகிறது.

இப்போது மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் குழுவாக வந்து ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி நட்டுக்கொடுக்கிறார்கள். இயந்திர நடவும் வந்துவிட்டது. அக்காக்களின் பெண் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். 'எங்களோட முடிஞ்சிரும்' என்று ஆயா சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. இந்த முதுகுவலி பேத்திக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். அந்த விரல் வித்தை போய்விடுமே என்று கவலைப்படுகிற நான், பேத்தி சேற்றில் இறங்கட்டும் என்று சொல்ல முடியுமா? முடியாது.

சாயங்காலம் மழைக்கு முன் ஒரு மாத் துண்டில் ஒற்றை நாற்று நடவுக்கு கயிறு கட்டிக் கோடு போட்டோம். இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒன்று. விதை மிக மிகக் குறைவாகப் போதும், உருளைக் களைக்கருவி நடுவில் ஓடலாம்.

நாள் 6

இரவு ஒன்றே காலுக்கு ஐயா கதவைத் தட்டினார். 'தண்ணி வந்துருச்சு. பாக்கணும்னியே.'

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் வருவது நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அதற்குக் கீழே வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி. கடைசியில் ஒரு வயலின் மடை. அணையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள், இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. முறை வரும் நேரம் இரவா பகலா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. ஆள் இல்லாவிட்டால் மேலே இருப்பவர் வயலில் பாய்ந்துவிட்டுப் போய்விடும்.

டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தோம். பாம்புக்காக ஐயா கழியால் தட்டிக்கொண்டே முன்னால் போனார். வாய்க்கால் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. மடை வாயில் அடைத்திருந்த களிமண்ணையும் வைக்கோலையும் நான்கு வெட்டில் எடுத்தார். தண்ணீர் முதலில் தயங்கியது. அப்புறம் ஒரு நாக்கை நீட்டியது. காய்ந்து வெடித்த மண்ணில் ஒரு பிளவுக்குள் இறங்கி, அடுத்த பிளவில் மேலே வந்தது. டார்ச் வெளிச்சத்தில் காதைக் கொடுத்துக் கேட்டேன். மண் குடிக்கிற சத்தம், சின்னச் சின்னதாக, பொரி பொரிவது போல. ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் குமிழி வந்தது. பூச்சிகள், நண்டுக்குஞ்சு, ஒரு பூரான் எல்லாம் மேட்டைத் தேடி ஓடி வந்தன. எங்கிருந்தென்றே தெரியாமல் தவளைகள் ஒரே குரலாகக் கத்தத் தொடங்கின.

'இதாம்மா மடை' என்றார் ஐயா. நான் கேட்கவே இல்லை.

விடியும் வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். வெளுத்தபோது வயல் முழுக்கத் தண்ணீர், முழுக்கக் கொக்கு.

நாள் 7

ஞாயிறு, வேலை இல்லை. ரயிலில் நாகப்பட்டினம் போனேன். அறுபத்து மூன்று வயது ஆயா துணைக்கு வந்தார், அவர் தம்பி மகள் வீடு அங்கே. திருவாரூர் தாண்டிக் கீழ்வேளூர் வந்ததும் ஆயா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, 'அந்தாண்டதான் வெண்மணி' என்றார். 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர் குடும்பங்களில் நாற்பத்து நான்கு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அப்போது ஆயா சின்னப் பிள்ளை. அதற்கப்புறம் பல நாள் அவர் அம்மா இரவில் விளக்கணைக்க விடவில்லையாம். எங்கள் பெட்டியில் யாரோ கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தேன். கப்பல் ஏறும் கூட்டம் இன்று அங்கே இல்லை, மீன்பிடி விசைப்படகுகள்தான். பாட்டி எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று தேடுவதில் பயனில்லை. காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நாள் 8, 9

இரண்டு நாளும் மழை. புரட்டாசியில் சாயங்காலம் இடி இடித்துப் பெய்வது இங்கே வழக்கம், ஆனால் இது இரவெல்லாம் நிற்காமல் கொட்டியது.

விடிந்ததும் மூணு மாவுக்கு ஓடினேன். முழங்கால் தண்ணீர். மேலே நாற்றுகள் மிதந்தன. எங்கே மிதந்தன என்று பார்த்தால் நெஞ்சு அடைத்தது. அக்காக்கள் நட்ட இடமெல்லாம் நாற்று தண்ணீருக்குள் நின்றது. நான் நட்ட இரண்டு முழப் பட்டைதான் கிழக்கு வரப்பிலிருந்து மேற்கு வரப்பு வரை வெறும் தண்ணீராகக் கிடந்தது. ஆழம் வைக்கப் பயந்து மேலாக வைத்திருக்கிறேன்.

ஐயா வடிகால் பக்கம் வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் இறங்க மதியம் ஆனது. நான் சொல்லாமலே அக்கா கையில் இரண்டு முடியோடு வந்து இறங்கினார். 'வா, நானும் நீயும் போட்டுரலாம்.' இந்த முறை ஒவ்வொன்றையும் நான் ஊன்றியபின் அவர் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். நாற்பதாவதோ ஐம்பதாவதோ நாற்றுக்கு மேல் தொட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

மழையின் மறுபக்கத்தையும் பார்த்தேன். குறுவை அறுத்தவர்களின் நெல் கொள்முதல் நிலைய வாசலிலும் சாலை ஓரத்திலும் குவியல் குவியலாகக் கிடக்கிறது, மேலே தார்ப்பாய். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மூட்டை நாற்பது கிலோ. ஒரு பெரியவர் தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு நெல்லை அள்ளிக் காட்டினார். முளை விட்டிருந்தது, வெள்ளை வெள்ளையாக. நாலு மாதம் பாடுபட்டு அறுத்த நெல் பத்து நாள் காத்திருந்து முளைத்துப்போவதை யாராவது தினமும் வந்து பார்த்தால், கூரை போட்ட களம் கட்ட இத்தனை வருடம் ஆகியிருக்காது.

நாள் 10

வெயில் வந்தது. எலி பிடிக்கிறவர் வந்து சாயங்காலம் ஐம்பது கிட்டிகளை வரப்போரம் வைத்துவிட்டுப் போனார். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி. ஒரு மூங்கில் வில், ஒரு கயிறு, நடுவில் இரை வைக்கும் சின்னத் தட்டு, அவ்வளவுதான். எலி இரையைத் தொட்டால் வில் நிமிர்ந்து கழுத்தில் விழும். விஷம் இல்லை, அதனால் ஆந்தையும் பாம்பும் சாகாது. இரவெல்லாம் 'டப்... டப்' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தை மாதம் அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நெல் நிற்கும்போதே அந்த ஈரத்தில் உளுந்து தெளிப்பார்களாம். நெல் அறுத்ததும் உளுந்து வெளிச்சத்துக்கு வந்து பனியிலேயே விளைந்துவிடும். அப்புறம் கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், வந்து வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். அதைப் பார்க்க ஒரு தடவை வர வேண்டும்.

நாள் 12

நேற்று ஒன்றும் எழுதவில்லை. களை பார்த்தோம், துணி துவைத்தேன், அம்மா சுண்டவத்தல் குழம்பு வைத்தார்.

இன்று மதியம் கிளம்ப வேண்டும். விடிந்ததும் தனியாக மூணு மாவுக்குப் போனேன். நட்டு எட்டு நாள். முதல் வாரம் நாற்று மஞ்சளாகிச் செத்த மாதிரி கிடக்கும், அப்புறம் ஒரு காலையில் பச்சை கட்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். பச்சை கட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன், நடுக்குருத்து புதிதாக ஒரு விரற்கடை வெளியே வந்து, நுனியில் பனித்துளியோடு நின்றது. நான் திரும்ப நட்ட பட்டை மட்டும் இன்னும் மஞ்சள். ஆனால் ஒன்றும் மிதக்கவில்லை. ஒரு நாற்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது.

வரப்பைச் சுற்றிக் காலடி எண்ணிக்கொண்டே நடந்தேன். முந்நூற்று நாற்பத்தொன்று. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேன்.

அங்கிருந்தே என் அம்மாவுக்குப் போன் போட்டேன். மலேசியாவில் அப்போது ஒன்பது மணி இருக்கும்.

'மூணு மாவுல நிக்கிறேம்மா.'

'எவ்ளோ பெரிசு?'

'நம்ம தோட்டத்துப் பந்துத் திடல் இருந்துச்சுல்ல. அதுல பாதியைவிடக் கொஞ்சம் கூட.'

அம்மா பேசவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கும் கேட்கட்டும் என்று போனைக் கொஞ்சம் கீழே பிடித்தேன்.

'அவ்ளோதானா' என்றார்.

'அவ்ளோதாம்மா.'

அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, 'பசியாறிட்டியா?' என்று கேட்டார்.